குரல்கல்

எங்கள் ஊரில், பெற்றவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு படிக்கிற பிள்ளைகள், அப்பாவின் குரல் எட்டுகிற தூரம் வரைதான் போக முடியும். அதற்கு மேல் கால் எடுத்து வைக்காது. வலி எதுவும் கிடையாது. கால் நின்றுவிடும், அவ்வளவுதான். வயது பதினெட்டு ஆனாலும் இருபத்தெட்டு ஆனாலும் அப்படித்தான். வேலை கிடைத்தாலோ கல்யாணம் ஆனாலோ கால் அவரவருக்கு வந்துவிடும்.

வருஷா வருஷம் ஆனி மாதம், பள்ளிக்கூடமும் காலேஜும் திறக்கிற சமயத்தில், தாலுகா ஆபீஸிலிருந்து அளவர் வருவார். கூடவே சங்கிலிக்காரர்கள் இரண்டு பேர் வருவார்கள். விடிந்ததும், காற்று கிளம்புவதற்கு முன்னால், அப்பா வாசலில் நின்று பிள்ளையின் பேரைச் சொல்லி 'வா' என்று கூப்பிட வேண்டும். ஒரு தடவை போதும். அளந்து முடிக்கிற வரைக்கும் அந்தக் குரல் தெருவில் அப்படியே நிற்கும். சங்கிலிக்காரர்கள் காதோரம் கையை வைத்துக்கொண்டு அதன் கூடவே நடப்பார்கள். 'வா' எந்த இடத்தில் கடைசியாகக் கேட்கிறதோ அங்கே ஒரு கல்லை நட்டு, பிள்ளையின் பேரை வெள்ளைப் பெயின்டில் எழுதிவிட்டு வருவார்கள். அன்றைக்கு நாங்கள் யாரும் தெருப்பக்கம் துணி காயப்போடுவதில்லை. ஈரத்துணி பட்டால் குரல் தொய்ந்துவிடும்.

கல் ஒரு அடையாளத்துக்குத்தான். அப்பா கடைசியாகக் கூப்பிட்டது எவ்வளவு தூரம் போனதோ அதுதான் செல்லும். அதனால் எங்கள் ஊரில் அப்பாக்கள் பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளையைக்கூட முழுத் தொண்டையில் கூப்பிடுவார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் இதை ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். போனில் கூப்பிடுவதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அது டவர்க்காரனின் குரல் என்று அளவர் சொல்லிவிட்டார்.

என் மாமனார் ஆவுடையப்பன், வாழைக்காய் கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். அவர் ஏலம் கூறினால் லாரி செட்டில் தூங்குகிற டிரைவர்கள் எழுந்து உட்காருவார்கள். அவருடைய குரல் ஒன்பது கிலோமீட்டர் போகும். எங்கள் தெருவில் காலேஜ் வரைக்கும் எட்டுகிற குரல் அவருக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் எங்கள் தெருவில் காலேஜுக்குப் போகிற பெண்ணும் அவருடைய மகள் ஒருத்திதான்.

அவள் பேர் செண்பகவல்லி. எல்லாருக்கும் செம்பகம். என் வீட்டுக்காரருடைய தங்கச்சி, என்னைவிட இரண்டு வயது இளையவள். கணக்கு படித்தாள், மூன்றாவது வருஷம். அவளுடைய கல் காலேஜ் நூலகத்துக்குள் இருந்தது. கடைசி இரண்டு அலமாரிகள் கல்லுக்கு அந்தப் பக்கம். அந்த அலமாரிப் புத்தகங்களைக் கூடப் படிக்கிற பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள்.

மாமா அவளை நினைத்த நேரத்தில் கூப்பிடுவார். கடையிலிருந்து வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைக் காணோம் என்றால், "செம்பகம், வா" என்பார். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி அவள் வகுப்பில் எழுந்து நின்றுவிடுவாள். கால் திரும்பிவிடும். பஸ் கிடைத்தால் பஸ்ஸில் வருவாள், இல்லையென்றால் நடந்து வருவாள். வந்து ஜன்னல்கட்டையில் இருக்கிற டப்பாவை எடுத்துக் கொடுப்பாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டுதான் இருப்பேன். என்னிடம் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் மாமாவுக்கு அவளைக் கூப்பிட்டுத்தான் பழக்கம்.

"ஒரு நாளு பரீட்சையில இருக்கப்ப கூப்பிடப் போறாரு மதினி, பேனாவோட வந்து நிக்கப்போறேன்" என்பாள் என்னிடம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பேர் முப்பிடாதி. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். என் அப்பாவுக்கு மெல்லிய குரல். அவருடைய 'வா' ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரோடு முடிந்துவிட்டது. ஆறாம் வகுப்பு இருக்கிற பள்ளிக்கூடம் அதற்கு அந்தப் பக்கம், ஓடைப்பாலம் தாண்டி இருந்தது. அந்த வருஷம் முழுப் பரீட்சை லீவில் அப்பா தினமும் காலையில் தோட்டத்துக் கிணற்றுக்குள் குனிந்து, என் பேரைச் சொல்லிக் கத்திப் பழகினார். ஒரு மாதம் பழகினார். அளந்தபோது எட்டு அடி கூடியிருந்தது. அளவர் அதையும் எழுதிக்கொண்டார். பாலம் வரை இன்னும் நானூறு அடி இருந்தது. கல்யாணம் ஆனதும் என் கால் எனக்கு வந்துவிட்டது. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

என் குரலும் அப்பாவைப் போலத்தான். சோறு எடுத்து வைத்துவிட்டு நான் கூப்பிட்டால் அடுப்படி நிலை தாண்டாது. "மதினி, உங்க சத்தம் பக்கத்துல உக்காந்திருக்க எனக்கே கேக்கல. பேசுறீங்களா, வெத்தல மெல்லுறீங்களான்னு தெரியல" என்று செம்பகம் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அதுவும் அவளுக்குக் கேட்காது.

என் அத்தை, செம்பகத்தின் அம்மா, இறந்து நாலு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் சார்ஜாவில் இருக்கிறார். எனக்கு மூன்று வயதில் ஒரு மகள், இலக்கியா. வீட்டில் நாங்கள் நாலு பேர்.

தை மாதம் மாமாவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பேசிப் பார்க்கலாம், ஆனால் பழைய சத்தம் வராது என்று டாக்டர் சொன்னார். பேசாமலே இருந்தால் ரொம்ப நல்லது என்றும் சொன்னார். மாமா இலக்கியாவின் சிலேட்டை வாங்கிக்கொண்டார். வேண்டியதை எழுதிக் காட்டுவார். சாக்பீஸைக் காதில் செருகிக்கொள்வார். கடையில் பென்சிலை அப்படித்தான் வைத்திருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே செம்பகம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, சித்திரையில பரீட்ச முடியும். அதுவரைக்கும் என்னைய கூப்பிடவே கூப்பிடாதீங்க. நீங்க கூப்பிடாம இருந்தா பழைய தூரம் அப்படியே இருக்கும். ஆறு பேப்பர்ப்பா. அதுக்குப் பெறவு எப்படி வேணாலும் கூப்பிடுங்க."

மாமா சிலேட்டில் "சரி" என்று எழுதினார். எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதை அழிக்கவில்லை.

மாசி முழுக்க அவர் கூப்பிடவில்லை. பங்குனி பாதி வரைக்கும் கூப்பிடவில்லை. மாத்திரை டப்பா வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்ப்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். செம்பகம் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுவாள். ஐந்தரை மணியிலிருந்தே அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாய் மட்டும் லேசாக அசையும். சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் ஆறரை ஆகியும் அவள் வரவில்லை. மாமா சிலேட்டில் "மணி என்ன" என்று எழுதிக் காட்டினார். சொன்னேன். அழித்துவிட்டு மறுபடியும் "மணி என்ன" என்று எழுதினார். சொன்னேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

"பஸ்ஸு லேட்டா இருக்கும் மாமா. வந்துருவா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

ஏழு மணி ஆவதற்குள் அவர் வாசலில் போய் நின்றார். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "செம்பகம், வா" என்று கூப்பிட்டார். தரையில் சாக்கை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

செம்பகம் உடனே வந்துவிட்டாள். எங்கள் வாசலிலிருந்து பன்னிரண்டு காலடி தள்ளி, பக்கத்து வீட்டுக் கோமதி அக்காவின் கோழிக்கூட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தூரம் சுருங்கினால், வெளியே இருக்கிற பிள்ளைகள் எங்கே இருந்தாலும் புது எல்லைக்கு வந்துவிடுவார்கள். அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவள். டயர் பஞ்சராகி, மாற்றி, அப்போதுதான் கிளம்பியிருக்கிறது. அவள் கையில் பக்கத்து சீட்டு அம்மா வைத்துக்கொள்ளச் சொன்ன தூக்குவாளி இருந்தது.

மகளைப் பார்த்ததும் மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. அவளும் அவரைப் பார்த்தாள். கோழிக்கூட்டைப் பார்த்தாள். தெருப்பக்கம் திரும்பி வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். கால் எழும்பவில்லை.

"கூப்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அவருக்கும் புரிந்தது.

தூக்குவாளியை மறுநாள் நான் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். அதில் இருந்த மோர் கெட்டுப்போகவில்லை.

பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. செம்பகம் காலையில் எழுந்து குளித்து, காலேஜ் சுரிதாரைப் போட்டுக்கொண்டு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கோழிக்கூடு வரைக்கும் போவாள். அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பாள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வருவாள்.

தெரு முனையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. டீக்கடைக்காரர் மகன் செந்திலாண்டவன் அங்கேதான் நிற்பான். அவனுக்கு இருபத்தைந்து வயது, தபாலில் படிக்கிறான். அவனுடைய அப்பாவின் குரல் தொட்டி வரைக்கும்தான்.

"ஏ செம்பகம்! காலேஜ் நூலகம், காலேஜ் நூலகம்னு பீத்துன? இப்ப எங்க தொட்டிகூட உனக்கு வெளியூரு!" என்று அங்கிருந்து கத்தினான்.

"எங்க கூட்டுல கோழி மூணு நாளைக்கு ஒருக்கா முட்டையாவது போடுது. நீ ஏழு வருசமா அரியருதான போடுத!" என்று இவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்.

அவன் சிரித்தான். கோமதி அக்காவும் சிரித்தாள். செம்பகம் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் ஒரே பக்கத்தைத்தான் காலையிலிருந்து வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அளவர் வேலாயுதம் வந்தார். வருஷ நடுவில் தூரம் மாறினால் கல்லை மாற்றி நட வேண்டும். சங்கிலிக்காரர்கள் கொம்பையாவும் துரைப்பாண்டியும் நூலகத்திலிருந்து பழைய கல்லைப் பிடுங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். கல்லில் அவள் பேர் அழியாமல் இருந்தது. கோழிக்கூட்டுப் பக்கம் குழி தோண்டச் சொல்லிவிட்டு, அளவர் எங்கள் வீட்டில் காபி குடித்தார்.

"பரீட்சை எழுத வழி எதுவும் இல்லையா சார்?" என்று செம்பகம் கேட்டாள்.

அவர் பைக்குள்ளிருந்து ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "தாயார் இருந்தா தாயார் குரலை வைக்கலாம். தாயார் இல்லாத வீட்ல மதினி குரலை வைக்கலாம்னு இருக்கு. எது தூரம் போகுதோ அது செல்லும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

மாமா வேகமாக சிலேட்டில் எழுதினார். "வீட்டு மருமக வாசல்ல நின்னு கத்த வேண்டாம்." அதற்குக் கீழே, இடம் இல்லாமல் சின்னதாக, "நானே கூப்பிடுவேன்" என்று எழுதினார்.

கல்லைக் கோழிக்கூட்டில் சாய்த்து வைத்துவிட்டு, ஐந்து நாள் தவணை கொடுத்துவிட்டு அவர்கள் போனார்கள்.

மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மாமா தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டு, "செம்பகம்" என்று பழகிக்கொண்டிருந்தார். 'வா' சொல்லாமல் பேரை மட்டும் பழகினார். தூரம் இன்னும் சுருங்கிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை. தலையை வெளியே எடுத்தபோது துண்டில் ரத்தம் இருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை மடித்துக்கொண்டார்.

எனக்கு அப்பாவின் கிணறு ஞாபகம் வந்தது. எட்டு அடி ஞாபகம் வந்தது.

"நான் கூப்பிடுதேன் மாமா" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்து சிலேட்டை எடுத்து, "என்ன" என்று எழுதினார்.

"நான் கூப்பிடுதேன்."

"கேக்கல" என்று எழுதினார்.

கோழிக்கூட்டுப் பக்கத்திலிருந்து செம்பகம் கத்தினாள். "மதினி கூப்பிடுதாங்களாம்ப்பா!" அவளுக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை.

அன்றைக்கு முழுக்க அவர் எதுவும் எழுதவில்லை. சாயங்காலம் இலக்கியா சிலேட்டைக் கேட்டு அழுதாள், அப்போதும் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் சிலேட்டை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போனார். "வாசப்படிக்கு உள்ள நின்னு கூப்பிடட்டும்" என்று எழுதியிருந்தது.

பழகுவதற்கு எனக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஆள் இருக்கிற இடத்தில் எனக்குச் சத்தம் வராது. அதனால் இட்லிக் கொப்பரைக்குள் தலையைக் குனிந்து, "செம்பகம்" என்று கூப்பிட்டுவிட்டு, சட்டென்று மூடியைப் போட்டுவிடுவேன். காலையில் இட்லி வெந்து மூடியைத் திறக்கும்போது, ஆவியோடு சேர்ந்து "செம்பகம்" என்று மெதுவாக வரும். கோழிக்கூட்டிலிருந்து அவள் "ம்" என்பாள். அந்த மூன்று நாளும் இட்லி கொஞ்சம் கல்லாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பரீட்சை ஆரம்பிக்கிற அன்றைக்கே விடியற்காலையில் அளவர் வந்தார். அதற்கு முன்னால் அவருக்கு நாள் ஒழியவில்லை. முதல் பேப்பர் பத்து மணிக்கு. செம்பகம் ஹால் டிக்கெட்டைப் பைக்குள் வைத்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, தயாராகக் கோழிக்கூட்டு ஓரத்தில் போய் நின்றாள். கொம்பையா கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டார். துரைப்பாண்டி கடப்பாரையையும் பெயின்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டார். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றார்கள். யாரும் துணி காயப்போடவில்லை.

நான் இலக்கியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படிக்கு உள்ளே நின்றேன். மாமா எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கூப்பிடுங்கம்மா" என்றார் அளவர்.

அத்தனை பேர் பார்க்கிறார்கள். நான் செம்பகத்தை மட்டும் பார்த்தேன். அவள் தெருப்பக்கம் திரும்பி நின்றாள். வலது குதிகால் லேசாக எழும்பியிருந்தது. நான் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரத்தில் அப்படித்தான் நிற்பேன்.

"செம்பகம்" என்று கூப்பிட்டேன்.

சத்தமாக ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரிதான் வந்தது. அடுத்து 'வா' சொல்ல வேண்டும். அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உப்புக்கல் மாதிரி நாக்கில் உட்கார்ந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அளவர் பென்சிலோடு காத்திருந்தார். தெருவும் காத்திருந்தது. இலக்கியா என் வாயை விரலால் திறக்கப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னம்மா, அவ்வளவுதானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"வெக்கப்படுதாங்க சார்" என்றாள் கோமதி அக்கா. அளவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கொம்பையா காதோரம் கையை வைத்துக் கேட்டார். "பேரு நல்லா கேக்கு சார். 'வா' கேக்கல."

"இங்க கேக்கலையா?"

"இங்க கேக்கல."

அளவர் பச்சைப் புத்தகத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். "'வா' கடைசியாக் கேக்குற இடத்துல கல்லை நடணும்னுதான் இருக்கு. கேக்கவே இல்லன்னா இனிமேதான் கேக்கணும். நடங்க" என்றார்.

அவர்கள் நடந்தார்கள். செம்பகம் அவர்களுக்குப் பின்னால் கோழிக்கூட்டைத் தாண்டினாள். தாண்டிய இடத்தில் ஒரு நிமிஷம் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அப்போது மாமா எழுந்து என்னை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சிலேட்டில் பெரிதாக "வா" என்று எழுதி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். செம்பகம் தொட்டிப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள். படித்தாள். நான் அவளுடைய காலைப் பார்த்தேன். கால் அங்கேயே நின்றது, எந்தப் பக்கமும் போகவில்லை. எழுத்துக்குக் கால் திரும்பாது என்று எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும். சிலேட்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் துண்டால் அதைத் துடைத்தார். துடைத்த சிலேட்டை இலக்கியாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் உள்ளே போன பிறகுதான் செம்பகம் நடந்தாள்.

செந்திலாண்டவன் தொட்டி ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டான். அன்றைக்கு அவன் கேலி எதுவும் பேசவில்லை. "பேனா ரெண்டு வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டானாம்.

ஒன்பதரைக்கு அவர்கள் காலேஜ் வாசலுக்குப் போய்விட்டார்கள். பேர் அங்கேயும் நன்றாகக் கேட்டிருக்கிறது. 'வா' கேட்கவில்லை. செம்பகம் உள்ளே போய்ப் பரீட்சை எழுதினாள். சங்கிலிக்காரர்கள் வாசலில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு மேலே நடந்தார்கள்.

வீட்டில் மாமா மத்தியானம் சாப்பிடவில்லை. ஐந்தரை ஆனது. ஐந்தே முக்கால் ஆனது. அவர் வாசலைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவளுக்கும் சேர்த்து எத்தனை டம்ளர் போடுவது என்று தெரியவில்லை. வாயில் 'வா' இருந்தது. விட்டால் வந்துவிடுவாள். நான் அரிசியை மூன்று தடவை களைந்தேன்.

ஆறேகாலுக்குச் செம்பகம் வாசலில் நின்றாள். எந்த எல்லையும் இல்லாமல், அவளாக வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே வந்து, "எட்டு மார்க்கு கேள்வி ஒண்ணு விட்டுட்டேன்ப்பா" என்றாள்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். இலக்கியாவிடமிருந்து சிலேட்டை வாங்கினார். சாக்பீஸைத் தேடினார். தலையணைக்குக் கீழே தேடினார், கட்டிலுக்கு அடியில் தேடினார், சட்டைப் பையில் தேடினார். அது அவர் காதில்தான் இருந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. தேடி முடிக்கட்டும் என்று செம்பகம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

ஆறு பேப்பரையும் அவள் எழுதிவிட்டாள். ஆடியில் கோயம்புத்தூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து அங்கே போனாள். அந்த நேரம் சங்கிலிக்காரர்கள் கோயம்புத்தூரையும் தாண்டியிருந்தார்கள். மாதம் ஒரு தடவை சனிக்கிழமை வருவாள், ஞாயிற்றுக்கிழமை போவாள். கொம்பையா அவ்வப்போது அளவருக்குக் கார்டு எழுதுகிறார். அளவர் வந்து எனக்குப் படித்துக் காட்டுவார். கடைசியாக வந்த கார்டு நாக்பூரிலிருந்து. "பேர் தெளிவாகக் கேட்கிறது. 'வா' இன்னும் கேட்கவில்லை. இங்கே ஆரஞ்சு மலிவு. கல் கனக்கிறது. துரைப்பாண்டிக்குச் செருப்புத் தேய்ந்துவிட்டது, புதுசு வாங்க அனுமதி வேண்டும்" என்று எழுதியிருந்தார். அளவர் அனுமதி கொடுத்துவிட்டார்.

'வா' என் வாயில்தான் இருக்கிறது. இடது கடைவாய்ப் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டு வலது பக்கமாகச் சாப்பிடுகிறேன். அது வெளியே போகாமல் அடுத்த 'வா' வராது. அதனால் இலக்கியாவைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவேன். சில சமயம் கோமதி அக்காவின் கோழிகளும் வந்துவிடும்.

ஆவணி மாதம் ஒருநாள் நான் ஓடைப்பாலம் தாண்டி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சரம்மா வயது என்கிற கட்டத்தில் இருபத்துமூன்று என்று எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. படிக்கிறவர்களுக்குக் கூப்பிட ஆள் வேண்டும். கல்யாணம் ஆனவர்கள் திரும்பப் படிக்க வந்தாலும் அப்படித்தான் என்று அளவர் பச்சைப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"உங்கள யாரும்மா கூப்பிடுவா?"

என் அப்பா இப்போது இல்லை. வீட்டுக்காரர் சார்ஜாவில். மாமா சிலேட்டைக் காட்டினார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அப்போது இலக்கியா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "எம்மா! வா! கழுவி விடு!"

கோழிகள் எழும்பிப் பறந்தன. அளவர் பென்சிலை எடுத்தார். புதிதாக வந்த சங்கிலிக்காரர்கள் காதோரம் கையை வைத்துக்கொண்டு நடந்தார்கள். என் கல்லைப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வாய்க்கால் மதகுப் பக்கம் நட்டார்கள். வெள்ளைப் பெயின்டில் 'எம்மா' என்று எழுதியிருக்கிறது.

தினமும் பதினொன்றேகால் மணிக்கு, கணக்கு வகுப்பு பாதியில் இருக்கும்போது அவள் கூப்பிடுகிறாள். என் கால் எழுந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பதினோரு வயதுப் பிள்ளைகள் முழங்காலை ஒதுக்கி வழிவிடுவார்கள். "பின்னத்த அழிக்காதீங்க டீச்சர், இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு நடப்பேன். டீச்சரம்மாவுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அழிக்காமல் வைத்திருப்பார்.